வால் ஒன்று, சொல் பல!



ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடம் பிறகு.

எனக்கு அப்பொழுது பதினான்கு வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, புகுமுக வகுப்பையும் தாண்டி, பட்டணத்துப் பள்ளியில் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பால்வெட்டுக்குப் போகிறவர். ஓராண்டாகவே நெஞ்சு வலி, இளைப்பு. காண்டாவாளியைத் தோளில் ஏற்றினால் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். டிரசர் எழுதிக் கொடுத்த சீட்டையும் வேறு சில தாள்களையும் சேர்த்து, உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டோம். எந்த அலுவலகம் என்பது இப்பொழுது வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. பிரித்தால், நாங்கள் அனுப்பிய மனுவே உள்ளே இருக்கிறது! அதன் தலையில் சிவப்பு மையால் ஒரு முத்திரை. கூடவே ஆங்கிலத்தில் நாலு வரி தட்டச்சு செய்த ஒரு தாள். பெரிய கிராணியார் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். லயத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

முத்திரையில் இருந்த சொல்லை எழுத்துக் கூட்டினேன். ஐ, என், வி, ஏ, எல், ஐ, டி. என்னிடம் கையடக்கமான ஓர் ஆங்கில-தமிழ் அகராதி இருந்தது. புரட்டினேன். "நோயாளி, உடல் நலிந்தவர்" என்று போட்டிருந்தது. உரக்கப் படித்தேன்.

"ஏங்க, கேட்டீங்களா? நான் சீக்காளின்னு அவங்களே ஒத்துக்கிட்டு முத்திரை குத்திட்டாங்க!" என்றார் அம்மா. அப்பாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். அன்று மாலை ரவை கேசரி கிண்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். பணம் வரும் என்று காத்திருந்தோம்.

கிராணியார் திரும்பி வந்ததும் அப்பா அந்தக் கடிதத்தைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினார். அவர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இது நோயாளி இல்லப்பா. மனு செல்லாதுன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. பிறப்புப் பத்திரம் வைக்கலையாம்" என்றார்.

அகராதி பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். நான் பார்த்தது ஒரு முகத்தை மட்டும். அந்த இரண்டு முகங்களையும் கடைசியில் காட்டுகிறேன். அதற்கு முன் அதன் உற்றார் உறவினரைப் பார்த்துவிட்டு வருவோம். உறவைத் தெரிந்துகொண்டால் ஆளை அடையாளம் காண்பது எளிது அல்லவா?

பாதிப் பேர் தெரிந்தவர்களே!

வரிகளின் கடைசியில் ஓசை ஒத்து வந்தால் நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். ஆங்கிலத்தில் ஐ, டி என்ற இரண்டு எழுத்துகளில் முடிந்து, 'இட்' என்று இயைபாக ஒலிக்கும் சொற்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன. பெரும்பாலும் அவை பண்பைச் சொல்லும் சொற்கள். ஒரு பொருள் எப்படிப்பட்டது, ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல உதவுபவை. ரோமானியர் பேசிய இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை.

மலைக்க வேண்டாம். பால் ஸ்டோரில் வேலை செய்த குடும்பமானால் மூன்று பேரை உங்களுக்கு முன்னமே தெரியும். வாளியில் வந்த பால் லிக்விட், அதாவது நீர்மமாக ஓடுவது. உறைந்து கட்டியானால் சாலிட். உறைய வைக்க ஊற்றியது ஆசிட். ஆசிட் என்பது இன்று ஒரு பொருளின் பெயராகிவிட்டது. ஆனால் பிறந்தபோது அது 'புளிப்பான' என்ற பண்புச் சொல். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டுக்கு ஃபார்மிக் ஆசிட் என்று பெயர். ஃபார்மிக்கா என்றால் இலத்தீனில் எறும்பு. முதலில் எறும்புகளைக் காய்ச்சி வடித்துத்தான் அதை எடுத்தார்கள். கட்டெறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதே சரக்கு!

இந்தக் கூட்டத்தில் பால்வெட்டுக்காரர்களுக்கென்றே பிறந்தது போல் ஒரு சொல் உண்டு. டர்ஜிட். உள்ளே நீர் நிரம்பி விம்மி விறைப்பாக இருப்பது என்று பொருள். இருட்டோடு எழுந்து, பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் மரத்துக்கு ஓடினோம்? வெயில் ஏறினால் பால் குறையும் என்று கங்காணி சொல்வார். ஏன் குறையும் என்று அவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. காரணம் இந்தச் சொல்லில் இருக்கிறது. இரவில் இலைகள் வழியாக மரம் அதிகம் நீரை இழப்பதில்லை. வேர் உறிஞ்சிய நீர் உள்ளே நின்று, பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விம்மிப் புடைத்திருக்கும். அதுதான் டர்ஜிட் நிலை. அந்த நேரத்தில் உளி பட்டால் உள்ளிருக்கும் அழுத்தம் பாலை வெளியே தள்ளும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், அழுத்தம் இறங்கும், மங்கில் விழும் சொட்டும் குறையும். அந்த அழுத்தத்துக்கு டர்கர் என்று பெயர். டர்ஜிட், டர்கர் என்ற இந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் வேலை இருக்கிறது.

எழுத்து நடைக்கும் டர்ஜிட் என்று சொல்வதுண்டு. விஷயம் சிறியது, வார்த்தைகள் மட்டும் ஊதிப் பெருத்திருக்கிறது என்று பொருள். நம் மேடைப் பேச்சாளர் சிலரை நினைத்துக்கொள்ளுங்கள்!

வெயிலும் மழையும் தரும் சொற்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹியூமிட் என்றால் காற்றில் ஈரம் மிகுந்த, புழுக்கமான. துவைத்துப் போட்ட சட்டை இரண்டு நாளாகியும் காயவில்லை என்றால் அந்த வானிலை ஹியூமிட். டாரிட் என்றால் சுட்டெரிக்கும். பூமியின் நடுவே, கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையே உள்ள பகுதிக்கு டாரிட் மண்டலம் என்று பழைய பூகோளப் புத்தகங்களில் பெயர். மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்குள்தான் கிடக்கின்றன. அதற்கு நேர் எதிர் ஃபிரிஜிட், உறைய வைக்கும் குளிர். நாம் ஐஸ்பெட்டி என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரான ரெஃப்ரிஜிரேட்டரும் இதே வேரில் முளைத்ததுதான். அரிட் என்றால் வறண்ட. டெபிட் என்றால் வெதுவெதுப்பான. அரை மனதோடு கொடுக்கும் வரவேற்புக்கும் டெபிட் என்பார்கள், கல்யாண வீட்டில் ஆறிப்போன காப்பி மாதிரி.

பண்புக்கு 'இட்', பெயருக்கு 'ஆர்'

இப்பொழுது டர்ஜிட், டர்கர் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தில் பலருக்கு இப்படி ஒரு ஜோடி உண்டு. பண்பைச் சொல்லும்போது 'இட்'. அந்தப் பண்புக்கே பெயர் வைக்கும்போது 'ஆர்' என்ற எழுத்தில் முடியும். ஸ்ப்ளெண்டிட் என்றால் ஒளி வீசும், மிகச் சிறந்த. அந்த ஒளிச் சிறப்புக்குப் பெயர் ஸ்ப்ளெண்டர். பேலிட் என்றால் வெளிறிப்போன. இரத்தம் குறைந்தவர் முகத்தில் டிரசர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துச் சொல்வாரே, அந்த வெளிறலுக்குப் பேலர். ஸ்குவாலிட் என்றால் அழுக்கும் வறுமையும் மண்டிய. அந்த நிலைக்கு ஸ்குவாலர்.

லிக்விட்டுக்கு ஜோடி லிக்கர். இலத்தீனில் அதற்கு வெறும் நீர்மம் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் அது எந்த நீர்மத்தின் பெயராகிவிட்டது என்பதைச் சம்பள நாள் இரவுகளைக் கண்ட தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஹாரிட், ஹாரர் இன்னொரு ஜோடி. ஹாரர் படம் என்றால் பேய்ப்படம் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இலத்தீனில் அந்த வேருக்கு முடி சிலிர்த்து நிற்பது என்று பொருள். பயம் வந்தால் நாமும் 'மயிர்க்கூச்செறிந்தது' என்றுதானே சொல்கிறோம்? கடல் கடந்த மொழிக்காரனுக்கும் அதே இடத்தில்தான் சிலிர்த்திருக்கிறது.

அடுத்த ஜோடியில் சற்று நின்றுதான் போக வேண்டும். ஸ்டுபிட், ஸ்டுப்பர்.

ஸ்டுபிட் என்றால் முட்டாள் என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடுவீர்கள். நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்ட உதவும் முதல் ஆங்கிலச் சொல்லே அதுதான். ஸ்டுப்பர் என்றால் உணர்வு மங்கிய மயக்க நிலை. இரண்டுக்கும் தாயான இலத்தீன் சொல்லுக்கு 'திகைத்து நிற்பது, மரத்துப்போவது' என்று பொருள். பார்த்தவுடன் வாயடைக்கச் செய்யும் பிரம்மாண்டமான பொருளை ஸ்டுபெண்டஸ் என்கிறார்களே, அதுவும் இந்த வேர்தான். ஆக, ஸ்டுபிட் என்பவன் முதலில் மூளை இல்லாதவன் அல்லன், திகைத்துப்போய் நிற்பவன்.

என்னோடு தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு வந்த நண்பன் ஒருவன் இருந்தான். தமிழ்ப்பள்ளியில் கணக்கில் அவனை யாரும் வென்றதில்லை. புதுப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் ஆசிரியர் எழுப்பிக் கேள்வி கேட்டார். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. நின்றான். மறுபடியும் கேட்டார். நின்றான். "ஸ்டுபிட்!" என்று வகுப்பே கேட்க ஒரு சத்தம். அந்தப் பழைய இலத்தீன் பொருளில் பார்த்தால் ஆசிரியர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. பையன் திகைத்துத்தான் நின்றான்! ஆனால் அவனும் நானும் எடுத்துக்கொண்டது மற்றப் பொருளை. அடுத்த ஆண்டு அவன் புல்வெட்டும் கூட்டத்தோடு போய்விட்டான். அவன் அப்பாவுக்கும் ஆட்சேபம் இல்லை, வீட்டில் இன்னொரு கைச் சம்பளம். அவன் போட்ட கணக்குகளை நான் பார்த்து எழுதியவன் என்பதால் சொல்கிறேன், எங்கள் இருவரில் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவன் நான்தான்.

வெள்ளை மனமும் வெள்ளைச் சட்டையும்

கேண்டிட் என்ற சொல்லை இப்பொழுது கல்யாணப் போட்டோக்காரர்கள் வாயில் அடிக்கடி கேட்கிறோம். 'போஸ்' கொடுக்காமல், இயல்பாக இருக்கும்போது எடுத்த படம் கேண்டிட் படம். ஒளிவுமறைவு இல்லாத என்று பொருள். இலத்தீனில் இதன் மூலப் பொருள் என்ன தெரியுமா? பளிச்சென்ற வெள்ளை! நாமும் கள்ளமில்லாதவரை 'வெள்ளை மனசு', 'வெள்ளந்தி' என்கிறோம் அல்லவா? பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் மேலாடையைச் சுண்ணம் பூசி வெளுப்பாக்கி உடுத்திக்கொண்டு மக்களிடம் ஆதரவு கேட்கப் போவார்கள். வெள்ளை உடுத்தியவர் என்பதால் அவருக்குக் கேண்டிடேட் என்று பெயர் வந்தது. தேர்தல் காலத்தில் லயத்துக்கு வந்து கும்பிட்ட வேட்பாளர்களை நினைத்துப் பாருங்கள். சட்டை மட்டும் இன்று வரை மாறவில்லை!

குணத்தைச் சொல்லும் வேறு சில சொற்கள். டிமிட் என்றால் பயந்த சுபாவமுள்ள, கூச்சமுள்ள. இன்ட்ரெபிட் என்றால் அஞ்சாத. பிளேசிட் என்றால் சலனமில்லாத, சாந்தமான. காற்றில்லாத வேளையில் ஈயலம்பத்துக் குளம் பிளேசிட். லிவிட் என்றால் முதலில் அடிபட்டுக் கன்றிய நீலநிறம். இன்றைய பேச்சில் கோபத்தில் கொதிப்பவரைக் குறிக்கிறது. விவிட் என்றால் உயிரோட்டமுள்ள, கண்முன் நிற்கிற. லூசிட் என்றால் தெளிந்த, விளக்கம் பெற்ற. ரேபிட் என்றால் வேகமான. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பேருந்தின் பக்கவாட்டில் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். நெரிசலில் அது எவ்வளவு ரேபிட்டாகப் போகிறது என்பது வேறு கதை.

மூக்கைப் பிடிக்க வைக்கும் மூவர் இருக்கிறார்கள். பழைய எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் ரேன்சிட். மீனோ இறைச்சியோ அழுகினால் பியூட்ரிட். பொதுவாகத் துர்நாற்றம் வீசுவது ஃபெட்டிட். மழையில் நனைந்த கட்டிப்பால் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இந்த மூன்றாவது சொல் மறக்கவே மறக்காது. உப்புச் சப்பில்லாத சாப்பாடு இன்சிப்பிட். அதே சொல் சுவாரசியமில்லாத பேச்சுக்கும் பொருந்தும்.

பிள்ளைகள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. காதுக்கு 'இட்' என்று கேட்பதெல்லாம் ஐ, டி என்று எழுதப்படுவதில்லை. விக்கிட் என்றால் கொடிய, நேக்கிட் என்றால் ஆடையற்ற, ரேகிட் என்றால் கந்தலான. இவையும் காதுக்கு இயைபுதான், ஆனால் எழுதும்போது ஈ, டி. இவை இலத்தீன் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. மற்றபடி உச்சரிப்பு எளிது. இந்தக் கூட்டத்தில் இரண்டு அசைச் சொற்களுக்கு முதல் அசையில் அழுத்தம் கொடுத்தால் போதும்.

வேலிட், இன்வேலிட், இன்வலிட்

இனி, எங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

கைப்பேசிக்கு டாப்-அப் போடும்போது கடைக்காரரிடம் "வேலிடிட்டி எத்தனை நாள்?" என்று கேட்கிறோம். வேலிட் என்ற பண்புச் சொல்லோடு 'இட்டி' சேர்ந்து பெயரானது அது. ஹியூமிட்டிலிருந்து ஹியூமிடிட்டி, ஆசிட்டிலிருந்து அசிடிட்டி வந்தது போல. வேலிட் என்றால் செல்லத்தக்க. மலாய்ப் பாரங்களில் 'சா' என்று போடுவார்களே, அது. இலத்தீனில் அதன் ஆதிப் பொருள் 'வலுவுள்ள'. தாளுக்கு வலு இருந்தால் செல்லும். வலு இல்லாவிட்டால்? முன்னால் 'இன்' சேர்த்து இன்வேலிட். 'தீடாக் சா', செல்லாது.

மனிதனுக்கு வலு இல்லாமல் போனால்? அதற்கும் அதே ஏழு எழுத்துகள்தான்! எழுதுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாயில்தான் வேறுபாடு. நடு அசையை அழுத்தி இன்-வேலிட் என்றால் செல்லாத தாள். முதல் அசையை அழுத்தி இன்-வலிட் என்றால் நலிந்த நோயாளி. ஆனால் சிவப்பு முத்திரைக்கு வாய் ஏது?

இந்த இரண்டாவது பொருள் வழக்கொழிந்துவிட்டது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். எங்களுக்குக் கடிதம் அனுப்பிய இடம் வேறு. ஆனால் மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த பெர்க்கேசோவில், வேலை சம்பந்தமான விபத்துக்கு ஒரு திட்டம், நோயினாலோ வேறு காரணத்தாலோ நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனவர்களுக்கு இன்னொரு திட்டம் என்று இரண்டு உண்டு. பின்னதற்கு மலாயில் 'ஸ்கிம் கெஈலாத்தான்' என்று பெயர். ஆங்கிலத்தில் அதை 'இன்வலிடிட்டி' என்ற சொல்லைப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். அங்கே அந்தச் சொல் நமக்குச் சாதகமான சொல், உதவி கிடைப்பதற்கான காரணம். அதன் தம்பியான இன்வேலிட் மனுவின் தலையில் விழுந்தாலோ, அது பாதகமான சொல்.

எப்படிப் பிரித்தறிவது? சொல் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். பாரம், பத்திரம், தேதி, கையொப்பம், லைசென்ஸ் இவற்றைப் பற்றிப் பேசினால் 'செல்லாது'. ஆளைப் பற்றிப் பேசினால் 'நலிந்தவர்'. எங்கள் முத்திரை மனுத் தாளின்மேல் இருந்தது. அம்மாவின் நெற்றியில் யாரும் குத்தவில்லை. பதினான்கு வயதில் எனக்கு இது தோன்றவில்லை.

அகராதியில் முதல் வரியோடு நிற்காமல் அடுத்த வரியையும் பாருங்கள். முத்திரைக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துகளையும் விடாதீர்கள், குறிப்பாக எண்களை. எண்ணைப் படிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை. எங்கள் கடிதத்தின் நாலாவது வரியில் ஓர் எண் இருந்தது. விடுபட்ட பத்திரத்தோடு மறுபடியும் அனுப்ப 30 நாள். கிராணியார் அதைப் படித்துக் காட்டிய மறுநாளே அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் அந்த அலுவலகத்தின் முன் நின்றார். அன்று 38-ஆம் நாள்.